மருந்து ஏன் இல்லையெண்டு தேட ஒரு நிருபருக்குக் காசு குடுங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன மாசம் அம்மாவை கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனன். விடிய அஞ்சரைக்கு நம்பர் எடுத்து, பதினொண்டரைக்குத்தான் டொக்டரைக் கண்டது, கடைசியா மருந்து குடுக்கிற இடத்தில மூண்டு குளிசையில ஒண்டு இல்லை, துண்டைத் திருப்பித் தந்து வெளியில எடுங்கோ எண்டினம். அது புதுசில்லை. ஏன் இல்லையெண்டு அறிய உங்கட பேப்பரைப் புரட்டினா (30 வருசமா எடுக்கிறம்) தட்டுப்பாடு இல்லையெண்டு அமைச்சு சொன்னதா நாலு வரி, பக்கத்தில சுகருக்குப் பாவக்காய் ஜூஸ்!

நிருபர் பிள்ளையளைக் குறை சொல்லேல்லை. காலமை ஊடகச் சந்திப்பு, மத்தியானம் கோட்ஸ், பின்னேரம் விபத்து எண்டு ஓடுற ஒருத்தர் டெண்டர் கடதாசியளை எப்ப வாசிக்கிறது? இம்யூனோகுளோபுலின் எண்ட ஊசிமருந்தின்ர பேரை நான் கேள்விப்பட்டதே, தரமில்லாத அந்த மருந்தை வாங்கினது சம்பந்தமா 2024 பெப்ரவரியில முன்னாள் சுகாதார அமைச்சரைக் கைது செய்த பிறகுதான். மருந்து எப்பிடிப் பதிவாகுது, பதிவில்லாததை அவசரமெண்டு எப்பிடி இறக்கிறது, ஆர் கையெழுத்து வைக்கிறது எண்டெல்லாம் தமிழில ஒழுங்கா விளங்கப்படுத்தி இண்டைக்கு வரைக்கும் நான் வாசிக்கேல்லை. 2016 தகவலறியும் உரிமைச் சட்டம் கையில இருக்குத்தான், ஆனா தருவமோ மாட்டமோ எண்டு சொல்லவே அரச கந்தோர்காரருக்கு 14 வேலைநாள், பிறகு மேன்முறையீடு, அதுவரைக்கும் அந்த நிருபருக்கு ஆர் சம்பளம் குடுக்கிறது?

அமெரிக்காவில சுகாதாரச் செய்தியாளர்மாரின்ர சங்கம் இதுக்கெண்டே பெலோஷிப் நடத்தியிருக்கு, வேலையை விடத் தேவையில்லை, ஒரு விசயத்தை எடுத்து அடிவரைக்கும் தோண்டச் செலவுக்காசு. காசு குடுத்தது 1918 இல துவங்கின கொமன்வெல்த் ஃபண்ட். பேரைப் பாத்து இங்கிலாந்து மகாராணிட கொமன்வெல்த் எண்டுதான் நானும் நினைச்சன், பாத்தா அது ஸ்டாண்டர்ட் ஒயில் பங்குக்காரர் ஒருத்தரின்ர மனிசி வச்ச காசாம்.

எங்களிட்ட எண்ணெய்க்காசு இல்லை, சரி. ஆனா லண்டனிலயும் டொரொண்டோவிலயும் ஊர்ச்சங்கம், பழைய மாணவர் சங்கம் எண்டு டின்னர் வச்சுச் சேத்து ஆஸ்பத்திரிக்கு மெசின் வாங்கி அனுப்புறவை இருக்கினமே, நல்ல விசயந்தான், அந்த மெசின் ஏன் மூலையில பழுதாக் கிடக்குது எண்டு ஆறு மாசம் தேட ஒரு தமிழ் நிருபருக்கும் அதில கொஞ்சம் ஒதுக்கினா என்ன?

மருந்துக் கொம்பனிக் காசும் தனியார் ஆஸ்பத்திரிக் காசும் மட்டும் வேண்டாம். விளம்பரத்துக்கு எடுங்கோ, இதுக்கு எடுக்காதேங்கோ. காசு குடுத்தவர் ஆராயிருந்தாலும் அச்சுக்குப் போக முன்னம் கட்டுரையைப் பாக்கக்கூடாது, அவரின்ர பேரையும் கட்டுரைக்குக் கீழ போடோணும்.

காசு ஒருமாதிரிக் கிடைச்சிடும் எண்டு வைப்பம். அந்த ஆறு மாசமும் அந்தப் பிள்ளையை விபத்துச் செய்திக்கு அனுப்பாமல் விட உங்களுக்கு ஏலுமோ? அதுக்குப் பதில் போடுங்கோ ஐயா.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகி