கண்ட்ரி பார்க் ட்ரிப்: சண்டை நேரத்துக்கு இல்ல, காலையிலயே வாங்க

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

வர்ற சனிக்கிழமை நம்ம தமிழ்ப் பள்ளியில வழக்கம்போல வகுப்பு உண்டு. அதுக்கு அடுத்த சனிக்கிழமை வகுப்பு கிடையாது, மூணாம் நிலையில இருந்து மேல படிக்கற பிள்ளைங்க எல்லாரையும் கண்ட்ரி பார்க்ல நடக்கற வரலாற்று நிகழ்ச்சிக்குக் கூட்டிட்டுப் போறோம். இத வாட்ஸ்அப் குரூப்ல போட்டதுல இருந்து எனக்கு வந்த மெசேஜ்ல முக்காவாசி ஒரே கேள்விதான், "டீச்சர், சண்டை எத்தனை மணிக்கு, கரெக்டா அந்த நேரத்துக்குக் கொண்டுவந்து விட்டுடறோம்"னு. சண்டை, அதாவது பழைய போர நடிச்சுக் காட்டறது, மதியத்துக்கு மேலதான். ஆனா அந்த நேரத்துக்கு வந்தீங்கன்னா பாக்க வேண்டியதுல பெரும்பகுதி முடிஞ்சு போயிருக்கும், அதச் சொல்லத்தான் இந்தக் கடிதம், நீளமா இருந்தாலும் தயவுசெஞ்சு முழுசாப் படிச்சிடுங்க.

இத முதல் தடவையா கேள்விப்படறவங்களுக்காக கொஞ்சம் விளக்கிடறேன். வார நாள்ல நர்ஸா, எலக்ட்ரீஷியனா, ஏதோ ஒரு ஆபிஸ்ல வேலை பாக்கறவங்க, வீக்எண்ட் ஆனா பழைய நூற்றாண்டு ஒண்ணோட துணிய உடுத்திக்கிட்டு, கித்தான் கூடாரத்துல தங்கி, விறகு அடுப்புல சமைச்சு, அந்தக் காலத்து வேலைய நம்ம கண்ணு முன்னாடி செஞ்சு காட்டுவாங்க. பெரும்பாலும் சம்பளத்துக்கு வர்றவங்க இல்ல, சொந்தக் காசு போட்டு, ராத்திரி உக்காந்து உடைய கையால தைச்சு எடுத்துட்டு வர்றவங்க. இங்க இங்கிலாந்துல இது நேத்து இன்னிக்கு வந்ததில்ல. 1968ல வந்த கண்ட்ரிசைடு சட்டம்தான் கண்ட்ரி பார்க் அமைக்கற அதிகாரத்த கவுன்சில்களுக்குக் குடுத்துச்சு, டவுன்ல இருக்கற ஜனங்க ரொம்ப தூரம் அலையாம மரம், புல்வெளி, குளம்னு ஒரு நாள் கழிக்கட்டும்னு. அதே 1968லதான் பிரிகேடியர் பீட்டர் யங், ரெண்டாம் உலகப் போர்ல கமாண்டோவா இருந்து பின்னாடி ராணுவ வரலாறு எழுதுனவரு, சீல்டு நாட் அமைப்ப ஆரம்பிச்சாரு, 1642ல ராஜாவுக்கும் பார்லிமென்டுக்கும் தொடங்கின உள்நாட்டுப் போர நடிச்சுக் காட்டற பெரிய கூட்டம் அது. 1972ல ரோமானியப் படைய நடிச்சுக் காட்டறதுக்குன்னே எர்மின் ஸ்ட்ரீட் கார்டுன்னு ஒரு குழு வந்துச்சு. பெரிய புல்வெளி, கார் நிறுத்த இடம், டாய்லெட், பக்கத்துல வீடு கிடையாது, அதனால வெடி வெடிச்சாலும் யாருக்கும் தொந்தரவு இல்ல, இவங்களுக்கு இதவிட வசதியான இடம் கிடைக்கறது கஷ்டம். நாம போற நிகழ்ச்சியில ரோமானியர், ஸ்காண்டிநேவியாவுல இருந்து கப்பல்ல வந்த வைக்கிங், உள்நாட்டுப் போர், ரெண்டாம் உலகப் போர்னு நாலு காலமும் ஒரே மைதானத்துல பக்கத்துப் பக்கத்துல இருக்கும்.

காலையிலயே வாங்கன்னு நான் இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. சண்டைய நீங்க கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னுதான் பாப்பீங்க, தூரத்துல புகை, சத்தம், மைக்ல ஒருத்தர் சொல்ற கதை, அவ்வளவுதான், உயரம் கம்மியான பிள்ளைக்கு முன்னாடி நிக்கறவங்க முதுகு மட்டும்தான் தெரியும். கூடாரங்கள்ல அப்படி இல்ல. கைக்கெட்டற தூரத்துல ஒரு மனுஷர் உக்காந்து வேலை பாத்துக்கிட்டு இருப்பாரு, நீங்க கேட்டா நிறுத்திட்டு பதில் சொல்வாரு, தொட்டுப் பாக்கலாமான்னு கேட்டா குடுப்பாரு. மதியம் ஆச்சுன்னா அவங்களும் கவசம் மாட்ட, அணிவகுக்கன்னு கிளம்பிடுவாங்க, அப்பறம் யார் கிட்டயும் நிதானமா பேச முடியாது.

வைக்கிங் கூடாரத்துல தக்ளி மாதிரி ஒரு கருவியத் தொங்கவிட்டு கம்பளி நூல் நூக்கறவங்க இருப்பாங்க, பிள்ளைங்கள கண்டிப்பா அங்க நிறுத்துங்க. கழுவாத ஆட்டு ரோமத்த கையில வாங்கினா பிசுபிசுன்னு எண்ணெய் ஒட்டும், அந்த வாடை லேசுல போகாது, ஆனா அந்த எண்ணெய்ப்பசை இருக்கறதாலதான் துணி மழைக்கு சட்டுனு நனையாம இருந்துச்சுன்னு கை மூலமா புரியும். இந்தப் பக்கத்துக்கு ராட்டை வர்றதுக்கு முன்னாடி உடுத்தற துணி, போர்வை, கப்பல் பாய்னு எல்லாத்துக்கும் நூல் இப்படி ஒவ்வொரு முழமா விரல் நுனியில வந்ததுதான். பழைய முறைப்படியே பாய் நெய்து பாத்தவங்க சொல்றாங்க, ஒரு பெரிய கப்பல கட்டறத விட அதோட பாய்க்கு நூல் நூத்து நெய்யறதுக்குத்தான் அதிக உழைப்பு ஆச்சாம். வைக்கிங்னா கோடாலின்னு மட்டும் நினைக்கற நம்ம பையனுங்க, அந்தக் கப்பல் கடல் தாண்டினதுக்குப் பின்னாடி எத்தனை பொம்பளைங்க கை இருக்குன்னு பாக்கட்டும்.

அதுக்குப் பக்கத்துலயே சாயம் போடறவங்க இருந்தா விட்டுடாதீங்க. வோட்னு ஒரு செடி இலையில இருந்து நீலம் எடுப்பாங்க, துணிய தொட்டியில இருந்து தூக்கும்போது மஞ்சளும் பச்சையுமா இருக்கும், காத்து பட்டதும் பாத்துக்கிட்டு இருக்கும்போதே நீலமா மாறும். நம்ம ஊர் அவுரியில இருக்கறதும் அதே நீலச் சாயம்தான், ஆனா அவுரியில அது ரொம்ப அதிகம், அதனால கப்பல்ல அவுரி நீலம் வர ஆரம்பிச்சதும் பிரான்ஸ், ஜெர்மனி பக்கத்து வோட் விவசாயிங்க பதறிப்போயி அதுக்குத் தடையே வாங்கினாங்க. உங்க வீட்டுப் பெரியவங்கள்ல யாராவது அவுரி பாத்திருந்தா அன்னிக்கு கூட வந்து பிள்ளைங்க கிட்ட சொல்லுங்க, எனக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கும்.

பிள்ளைங்களுக்கு நான் குடுக்கப்போற ஹோம்வொர்க் ஒண்ணே ஒண்ணுதான். ஒவ்வொருத்தரும் குறைஞ்சது ரெண்டு கூடாரத்துல போயி, "இது இப்படித்தான் இருந்துச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"னு கேக்கணும், கேட்ட பதில அடுத்த வாரம் தமிழ்ல பத்து வரி எழுதிட்டு வரணும். மரியாதையா கேட்டா இத யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க, சொல்லப்போனா அவங்க ஆசையா எதிர்பாக்கற கேள்வியே இதுதான். ரோமானிய வீரர் போட்டிருக்கற பட்டை பட்டையான இரும்புக் கவசத்தப் பத்திக் கேட்டா, 1964ல வடக்க கோர்பிரிட்ஜ்ல தோண்டி எடுத்த ஒரு பெட்டிக்குள்ள அந்தக் கவசத்தோட துண்டுங்க கிடைச்சதும், அதுக்கப்பறம்தான் பட்டைங்கள எப்படிக் கோத்தாங்கன்னு சரியா புரிஞ்சதும் கதையா வரும். உள்நாட்டுப் போர்க் கூடாரத்துல, அதுக்கு நூறு வருஷம் முந்தின டியூடர் ராஜாக்கள் காலத்து செருப்பு, சீப்பு, வில்லுன்னு கேட்டா பேச்சு மேரி ரோஸ் கப்பலுக்குப் போகும். 1545ல மூழ்கி 1982ல தூக்கின கப்பல் அது, சேத்துக்குள்ள புதைஞ்சு கிடந்ததால மாலுமிங்க போட்டிருந்த தோல் செருப்பு, பேன் சீப்பு எல்லாம் அப்படியே கிடைச்சுது, சீப்புப் பல்லுக்கு நடுவுல பேனும் இருந்துச்சு. பிள்ளைங்க இத வருஷக்கணக்குல மறக்க மாட்டாங்க.

சில சமயம் "தெரியாது, இது எங்க ஊகம்"னு பதில் வரும். அதையும் எழுதச் சொல்லியிருக்கேன். ஊகத்த எப்படி சோதிக்கறாங்கன்னு பிள்ளை கேட்டா வீட்டுல இத சொல்லலாம்: இரும்புக் கால வீடுகள் இருந்த இடத்துல பெரிய குழிங்க தோண்டிக் கிடந்துச்சு, தானியம் சேத்து வெச்ச குழியா இருக்கலாம்னு நினைச்சாங்க, ஆனா இந்த ஈரமான நாட்டுல மண்ணுக்குள்ள போட்ட தானியம் அழுகிப் போகாதான்னு சந்தேகம். ஹாம்ப்ஷயர்ல பட்சர் பழங்காலப் பண்ணைய 1972ல இருந்து நடத்தின பீட்டர் ரெனால்ட்ஸ், அதே மாதிரி குழி தோண்டி, தானியத்தக் கொட்டி, களிமண்ணால மூடி வெச்சுப் பாத்தாரு. ஓரத்துல ஈரம் பட்ட தானியம் முளைவிட்டு உள்ள இருக்கற ஆக்சிஜன தீத்துடுது, கார்பன் டை ஆக்சைடு நிறைஞ்சுடுது, மிச்சது குளிர்காலம் முழுக்க கெடாம இருக்கு. புத்தகத்துல படிச்சா ரெண்டு வரி. ஒருத்தர் குழி தோண்டினதாலதான் அந்த ரெண்டு வரி கிடைச்சுதுன்னு நம்ம பிள்ளைங்களுக்குத் தெரியணும்.

"இதெல்லாம் வெள்ளைக்காரங்க கதை, தமிழ்ப் பள்ளிக்கு எதுக்கு"ன்னு ரெண்டு பேர் கேட்டீங்க. நியாயமான கேள்விதான். இங்க ராஜாவும் பார்லிமென்டும் மோதிக்கிட்ட அதே காலத்துலதான் அங்க சோழமண்டலக் கரையில கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1639ல இடம் கிடைச்சு புனித ஜார்ஜ் கோட்டை எழும்பிக்கிட்டு இருந்துச்சு, நம்ம சென்னையோட கதை அங்கதான் திரும்புது. அன்னிக்கு மைதானத்துல வெடிக்கப்போற துப்பாக்கிக்கு வேண்டிய வெடியுப்ப, அந்த ராஜா முதலாம் சார்லஸ் காலத்துல அரசாங்க ஆளுங்க இங்க ஜனங்களோட புறாக்கூடு, தொழுவம், வீட்டுத் தரைன்னு தோண்டித் தோண்டி எடுத்தாங்க, எதிர்ப்பு பயங்கரமா இருந்துச்சு. பின்னாடி இந்தியாவுல இருந்து கப்பல் கப்பலா வெடியுப்பு வந்ததாலதான் அந்தத் தோண்டல் நின்னுச்சு. ரெண்டாம் உலகப் போர் கூடாரத்துக்கும் இதே மாதிரி ஒரு தொடர்பு உண்டு. 1939 டிசம்பர்ல இந்திய ராணுவத்தோட கோவேறுகழுதைப் படை பிரான்சுக்கு வந்து, 1940ல டன்கிர்க் மாதிரி பிரெஞ்சுத் துறைமுகங்கள் வழியா வீரர்கள்ல பெரும்பாலானவங்க இந்த நாட்டுக்கு வந்து சேந்தாங்க. அங்க நிக்கறவங்க கிட்ட நம்ம பிள்ளைங்க இதப் பத்தி தைரியமா கேக்கட்டும், அவங்களுக்குத் தெரியலன்னா நம்ம பிள்ளைங்களே சொல்லிக் குடுக்கட்டும்.

அந்தக் கூடாரத்துல இன்னொண்ணு, விஷவாயு முகமூடி வெச்ச அட்டைப்பெட்டி கழுத்துல தொங்க, பேர் எழுதின சீட்டு சட்டையில குத்தின பிள்ளைங்க வேஷம். 1939 செப்டம்பர் முதல் சில நாள்ல பிள்ளைங்க, அம்மாக்கள், டீச்சர்கள்னு சுமார் 15 லட்சம் பேர குண்டுவீச்சுக்குப் பயந்து நகரத்துல இருந்து கிராமத்துக்கு அனுப்புனாங்க.

இத எழுதும்போது நம்ம பள்ளிக் குடும்பங்கள் பல பேரோட ஞாபகம் வருது, நிஜமான போர்ல இருந்து தப்பி வந்தவங்க, பிள்ளைங்கள கையில பிடிச்சுக்கிட்டு ஊர் ஊரா இடம்பெயர்ந்தவங்க. உங்க கிட்ட தனியாவும் பேசறேன், இங்கயும் சொல்லிடறேன். மதிய நிகழ்ச்சியில துப்பாக்கி, சின்ன பீரங்கி ரெண்டும் வெடிக்கும். குண்டு போட மாட்டாங்க, வெடிமருந்து மட்டும்தான், லைசென்ஸ் வாங்கினவங்கதான் கையாளுவாங்க, ஆனா சத்தம் நெஞ்சுல அடிக்கற சத்தம், வெடிமருந்து வாடையும் வரும். அந்த நேரத்துல அங்க இருக்க விருப்பமில்லாத பெரியவங்க, பிள்ளைங்க யாரா இருந்தாலும் ரெண்டு டீச்சர்களோட குளத்துக்கு அந்தப் பக்கம் நடை போகலாம், காரணம் கேக்க மாட்டோம், ஃபார்ம்ல ஒரு டிக் போட்டா போதும். சத்தம் ஒத்துக்காத பிள்ளைங்களுக்கு காது மூடற ஹெட்ஃபோன் பள்ளியில கொஞ்சம் இருக்கு, சொந்தமா இருந்தா எடுத்துட்டு வாங்க.

பாக்கறவங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பதினாறு அடி ஈட்டியோட ரெண்டு கூட்டம் மோதும்போது கை தட்டத் தோணும், தட்டட்டும், ஆனா முடிஞ்சு வீடு போறப்போ பிள்ளைங்க கிட்ட இதப் பேசுங்க: விழுந்தவங்க எழுந்து நின்னு நமக்குக் கை காட்டினாங்க, நிஜத்துல அப்படி இல்ல, அந்த உள்நாட்டுப் போர் நடந்த வருஷங்கள்ல சண்டையில செத்தவங்க போக நோயில செத்தவங்களும் ஏராளம். இத பள்ளியில நான் சொல்றதவிட வீட்டுல நீங்க சொன்னா மனசுல நிக்கும்.

இனி நடைமுறை விஷயம். காலை பத்து மணிக்கு பார்க் மெயின் கேட்ல கூடறோம், கோச் பள்ளியில இருந்து ஒன்பதே காலுக்குக் கிளம்பிடும், லேட்டா வந்தா காத்திருக்க முடியாது. மழை பெஞ்சாலும் நிகழ்ச்சி உண்டு, புல்வெளி சேறாயிடும், அதனால வெல்லிங்டன் பூட்ஸ் இல்லன்னா பழைய ஷூ, மழைக்கோட்டு, வெயிலுக்குத் தொப்பி ரெண்டுமே வேணும். சாப்பாடு, தண்ணி வீட்டுல இருந்து, நட்ஸ் சேத்தது எதுவும் வேண்டாம், நம்ம பிள்ளைங்கள்ல அலர்ஜி இருக்கறவங்க இருக்காங்க. கூடாரத்து அடுப்புல கொதிக்கறத யாரும் வாங்கி சாப்பிட வேண்டாம், அன்பா குடுத்தாலும் சரி. இன்ஹேலர், எபிபென் (அலர்ஜி ஊசி) இருக்கறவங்க பேர் எழுதி கிளாஸ் டீச்சர் கையில நேரா குடுங்க, பையில போட்டு விடாதீங்க. விறகு அடுப்பு, உலைக்களம் பக்கத்துல நீளமான துப்பட்டா, பாவாடை பறக்கற மாதிரி உடை ஆபத்து, அன்னிக்கு மட்டும் பேன்ட் போட்டு அனுப்புங்க.

கூட வர்ற பெற்றோர் இன்னும் கொஞ்சம் பேர் தேவை, குறிப்பா சின்ன வகுப்புக்கு. பிள்ளைய விட்டுட்டுப் போகாம கூடவே இருக்க முடியறவங்க இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்கு மெசேஜ் பண்ணுங்க. கோச் காசு கட்ட இந்த மாசம் சிரமமா இருந்தா என் கிட்ட மட்டும் சொல்லுங்க, வேற யாருக்கும் தெரியாது, காசுக்காக ஒரு பிள்ளையும் விடுபடக் கூடாது.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு. புதருக்குள்ள ஓடி விளையாடிட்டு வர்ற பிள்ளைங்க காலு, முட்டிக்குப் பின்னாடி, கழுத்து, தலைமுடி ஓரம் எல்லாம் அன்னிக்கு ராத்திரி குளிப்பாட்டும்போது உண்ணி ஒட்டியிருக்கான்னு பாருங்க. இருந்தா நசுக்காம, நுனி மெல்லிசான ட்வீசரால தோலோட ஒட்டிப் பிடிச்சு மெதுவா நேரா இழுத்து எடுங்க, அடுத்த சில வாரத்துல அந்த இடத்துல சிவப்பு வட்டம் பரவுச்சுன்னா ஜிபிகிட்ட (குடும்ப டாக்டர்) காட்டுங்க.