ரெய்டு இருந்தால் பேக்கப் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு நிறுவனங்களுக்கு சர்வர் பராமரிப்பதுதான் என் தொழில். "ரெய்டு போட்டாச்சு சார், டேட்டா பத்திரம்" என்று விற்பவர்கள் சொல்வதையும், முதலாளிகள் அதை அப்படியே நம்புவதையும் பார்த்து மனசு கேட்காமல் எழுதுகிறேன். இங்கே ரெய்டு என்பது, ஒரு டிஸ்க் பழுதானாலும் டேட்டா போகாதபடி சர்வரில் பல டிஸ்க்குகளைச் சேர்த்து வைக்கும் முறை.

நான்கு 4 டிபி (டெராபைட்) டிஸ்க்கை ரெய்டு 5இல் போட்டால் 12 டிபி கிடைக்கும், ஒரு டிஸ்க் போனால் தாங்கும், அதை மாற்றி ரீபில்ட் (புது டிஸ்க்கில் டேட்டாவைத் திரும்ப உருவாக்குவது) முடிவதற்குள் இன்னொன்றும் போனால் எல்லாம் போச்சு. ரெய்டு 6 என்றால் 8 டிபிதான், ஆனால் இரண்டு போனாலும் தாங்கும். சரி, யாராவது ஃபைலை அழித்துவிட்டாலோ ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) புகுந்தாலோ? எந்த ரெய்டும் காப்பாற்றாது, தனி பேக்கப் வேண்டும்.

போன மாதம் ஒரு பனியன் கம்பெனிக்குப் போனேன். மூன்றாவது டிஸ்க்கில் பழுதைக் காட்டும் ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது, ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் அதை மறைத்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. டிஸ்க்குகளை நிர்வகிக்கும் கன்ட்ரோலரின் கேஷ் (டிஸ்க்கில் எழுதும் முன் டேட்டாவைத் தற்காலிகமாக வைக்கும் வேகமான மெமரி) பேட்டரியும் உப்பிப்போயிருந்தது. அந்த பேட்டரி செத்தால், கரன்ட் போகும்போது எழுதாமல் கிடக்கும் டேட்டா போய்விடக் கூடாதே என்று பல கன்ட்ரோலர்கள் கேஷை ஒதுக்கிவிட்டு நேராக டிஸ்க்கிலேயே எழுத ஆரம்பித்துவிடும், அதனால் வேகம் குறையும். சிஸ்டம் ஸ்லோ என்று ஆறு மாதமாகத் திட்டிக்கொண்டிருந்தார்களாம், காரணம் இதுதான்.

உங்கள் வணிகப் பக்கத்தில் இந்தச் சொற்களை எளிய தமிழில் விளக்கி ஒரு தொடர் வெளியிடுங்கள், கொட்டேஷனில் கையெழுத்துப் போடும் முன் நம் கடைக்காரர்கள் படிக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருப்பூர்