பழம் ஊறட்டும், சர்க்கரை கருகட்டும்

அன்புள்ள மலர்,

இந்தக் கிறிஸ்துமஸுக்கு டொரொன்டோவில் நீயே கேக் போடப்போகிறாய் என்றால் டிசம்பர் வரை காத்திராதே, பழத்தை இந்த வாரமே ஊறப்போடு. ஜமைக்கா கேக்கில் மாவு பழத்தைப் பிடித்து நிறுத்தத்தான். ருசி முழுக்கப் பழத்திலும் மதுவிலும் இருக்கிறது. ஆங்கிலேயர்களின் பிளம் புட்டிங்தான் இதற்கு மூலம். இந்தக் கரும்புத் தீவுக்கு வந்தபிறகு ரம்மும் கருக்கிய சர்க்கரையும் அதில் சேர்ந்துகொண்டன.

9 அங்குல டின் ஒன்றுக்கு: உலர் திராட்சை 200 கிராம், கருப்புச் சிறு திராட்சை 100, விதை நீக்கிய ப்ரூன்ஸ் (உலர்ந்த பிளம்) 150, செர்ரி 50, மிக்ஸ்டு பீல் (சர்க்கரையில் ஊறிய ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல்) ஒரு கைப்பிடி. கழுவினால் ஈரம் துளியும் இல்லாமல் துடைத்துக் காயவை. தண்ணீர் தங்கினால் பூஞ்சை வரும். கண்ணாடி ஜாடியில் போட்டு, அரை லிட்டர் ரெட் லேபல் ஒயினும் 150 மில்லி ரே அண்ட் நெஃப்யூ வெள்ளை ரம்மும் ஊற்று. அங்கே ரெட் லேபல் கிடைக்காவிட்டால் இனிப்பான போர்ட் ஒயின் போதும். பழம் எப்போதும் மதுவுக்குள் மூழ்கியே இருக்கவேண்டும். குடித்துவிட்டதென்றால் மேலும் ஊற்று. நாள் போதவில்லையானால் பழத்தை ஒயினில் மட்டும் சிறு தீயில் மெத்தென்று ஆகும்வரை வேகவைத்து, நன்றாக ஆறியபின் ரம் சேர். 63 சதவீத ரம்மை எரிகிற அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதே, குபீரென்று பிடித்துக்கொள்ளும்.

கேக்கின் கறுப்பு பிரௌனிங் என்கிற கருக்கிய சர்க்கரைக் கரைசலிலிருந்து வருகிறது. நிறத்துக்குக் கோக்கோ போடுகிறவர்கள் உண்டு. அது வேறு கேக். கடை பாட்டில் மோசமில்லை, ஆனால் வீட்டில் காய்ச்சுவது இருபது நிமிட வேலைதான். அடி கனத்த பாத்திரத்தில் 200 கிராம் பழுப்புச் சர்க்கரையைத் தண்ணீரில்லாமல் மிதமான தீயில் கிளறு. உருகும், பொன்னிறமாகும், நுரைக்கும், பிறகு புகைய ஆரம்பிக்கும். பலரும் அந்தப் புகைக்குப் பயந்து இறக்கிவிடுவார்கள். அப்படி இறக்கினால் கிடைப்பது வெறும் பாகு. இனிப்பு கூடும், நிறம் வராது. கிட்டத்தட்டக் கறுத்ததும் தீயை அணைத்து, எட்டி நின்று, அரை கப் கொதிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்று. பச்சைத் தண்ணீர் கூடாது: சர்க்கரை கல்லாக இறுகி, கையிலும் தெறிக்கும். வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார். ஓரத்தில் செம்பழுப்பு தெரிந்தால் சரி. கரி வாடை அடித்துக் கரையாத துகள் மிதந்தால் எல்லை தாண்டிவிட்டது, கொட்டிவிடு. அந்தக் கசப்பைச் சர்க்கரை போட்டு மறைக்க முடியாது.

கேக் போடும் நாளில் வெண்ணெய் 225 கிராம், பழுப்புச் சர்க்கரை 225 கிராம் இரண்டையும் கரகரப்புப் போய் வெளுக்கும்வரை அடி. ஐந்து முட்டையை லைம் தோல் துருவலோடு அடித்துக்கொண்டால் முட்டை வாடை தெரியாது. அதைச் சிறிது சிறிதாகச் சேர். முட்டை ஃபிரிட்ஜிலிருந்து நேரே வந்ததானால் கலவை திரிந்துபோகும்; ஒரு ஸ்பூன் மாவு தூவினால் சேர்ந்துகொள்ளும். ஊறிய பழத்தைக் கொஞ்சம் திப்பியாக அரைத்துப் போடு. வடிந்த மதுவைத் தனியே வை. வெனிலா, பாதாம் எசென்ஸ், மூன்று மேசைக்கரண்டி பிரௌனிங். பிறகு மைதா 225 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, பட்டைத்தூள், ஜாதிக்காய், பிமென்டோ தூள். பிமென்டோ என்றால் ஆல்ஸ்பைஸ், இந்தத் தீவின் சொந்த மரம். மாவு போட்டபின் அடிக்காதே, கிண்டிக் கலந்தால் போதும்.

ஓவன் 150 டிகிரி, கீழ்த்தட்டில் ஒரு தட்டுத் தண்ணீர். ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். மேலே வெடித்தால் சூடு அதிகம். நடுவில் குழிந்தால் மது கூடிப்போயிருக்கும், அல்லது நீ பாதியில் கதவைத் திறந்திருப்பாய். குச்சி கொஞ்சம் ஈரத்தோடு வந்தாலும் பரவாயில்லை, பச்சை மாவு ஒட்டக்கூடாது. சூட்டோடு நாலு கரண்டி வடித்த மதுவைத் தடவி, டின்னிலேயே ஆறவிடு. பிறகு முதலில் பார்ச்மென்ட் தாள், அதன்மேல் ஃபாயில் சுற்றிவை. முதல் நாளே வெட்டாதே. ஒரு வாரம் போனால்தான் மசாலா அடங்கும்.

இனி கேக்கோடு குடிக்கிற சோரல் பானம். நம் புளிச்சக்கீரை இனம்தான், பூ உதிர்ந்தபின் நிற்கிற சிவப்புப் புல்லி இதழைப் பறிப்பார்கள். பகல் குறுகும்போது பூக்கிற செடி. அதனால்தான் ஜமைக்காவில் கிறிஸ்துமஸ் சமயத்தில் சந்தை நிறைய வருகிறது. அங்கே காய்ந்தது கிடைக்கும். கரீபியன் கடையில் இல்லையென்றால் மெக்சிகோ கடையில் ஹமைக்கா பூ என்று கேள். 100 கிராம் சோரல், தட்டிய இஞ்சி 100 கிராம், பிமென்டோ பத்து, கிராம்பு ஐந்து, ஆரஞ்சுத் தோல் ஒரு துண்டு. இதன்மேல் இரண்டு லிட்டர் கொதிநீரை ஊற்றி மூடி, இரவு முழுக்க விடு. அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் நிறம் மங்கி, வாசனை போய்விடும். கிராம்பு கூடினால் நாக்கு மரத்துப்போகும். அலுமினியப் பாத்திரம் ஆகாது, புளிப்பு அதைத் தின்னும், எவர்சில்வர் எடுத்துக்கொள். காலையில் வடித்து, 350 கிராம் சர்க்கரை கரைத்து ருசி பார். குழந்தைகளுக்கு முதலில் எடுத்துவைத்துவிட்டு மீதியில் 120 மில்லி ரம் சேர். ரம் இல்லாதது வெளியே இருந்தால் நுரைத்துப் பொங்கும், ஃபிரிட்ஜில் வைத்து நாலைந்து நாளில் தீர்த்துவிடு.

சாப்பாட்டுக்கு குங்கோ பீஸ் சோறு மறந்துவிடாதே. அது பச்சைத் துவரைதான், தேங்காய்ப்பாலில் வேகவை. ஈஸ்டர் பன்னைப் பற்றி மார்ச்சில் எழுதுகிறேன், அதற்கு ஸ்டவுட் பியரும் டின் சீஸும் தேவை.

மீந்த பிரௌனிங்கைப் பாட்டிலில் ஊற்றி மூடிவை, மாதக்கணக்கில் கெடாது. பிரௌன் ஸ்டூ சிக்கனுக்கு ஒரு ஸ்பூன் போதும்.

அன்புடன்,
அம்மா
கிங்ஸ்டன்