குமனோ தூரிகையும் பவானி ஜமக்காளமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறன்று தங்கள் நாளிதழின் இணைப்பில், ஜப்பானில் கையால் செய்யப்படும் முகப்பூச்சுத் தூரிகை ஒன்று பல ஆயிரம் ரூபாய்க்கு விலைபோவதைப் பற்றிய பெட்டிச் செய்தியைப் படித்தேன். அதை வசதி படைத்தவர்களின் ஆடம்பரம் என்று எழுதியிருந்தீர்கள். அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் ஓவிய ஆசிரியராக இருந்து, தூரிகையோடே காலம் கழித்தவன் என்ற முறையில், அந்த விலைக்குள் எவ்வளவு வேலை அடங்கியிருக்கிறது என்பதையும், பவானியில் இருக்கும் எனக்கு அது ஏன் மனத்தை உறுத்துகிறது என்பதையும் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஜப்பானில் தயாராகும் தூரிகைகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு, ஹிரோஷிமா மாகாணத்தில் மலைகளுக்கு நடுவே இருக்கும் குமனோ என்ற ஒரே ஊரிலிருந்து வருகிறது. சுமார் 24,000 பேர் வாழும் அவ்வூரில் பத்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு வகையில் தூரிகைதான் பிழைப்பு. இத்தனைக்கும் தூரிகைக்கு வேண்டிய பொருள் எதுவும் அங்கே விளைவதில்லை. முடி பெரும்பாலும் சீனாவிலிருந்தும், கைப்பிடிக்கான மூங்கிலும் மரமும் வெளியூர்களிலிருந்தும் வருகின்றன. விளைநிலம் போதாத குமனோ உழவர்கள், வயற்காட்டில் வேலை இல்லாத மாதங்களில் நெடுந்தொலைவு கூலிக்குப் போய், திரும்பும் வழியில் நாரா நகரில் தூரிகையும் மையும் வாங்கி ஊர் ஊராக விற்றபடி வீடு வந்து சேர்ந்தார்கள். பிறகு 1830, 40களில் அவ்வூர் இளைஞர்கள் சிலர் அரிமா என்ற ஊரிலும் ஹிரோஷிமாவிலும் தங்கி, தூரிகை செய்யும் வேலையையே கற்றுவந்து ஊராருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் மேட்டாங்காட்டை விட்டுவிட்டுத் தறிக்குழியில் இறங்கிய குடும்பங்களின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிய கதை அன்று.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, ஜப்பானில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் குமனோவில் செய்த ஆட்டுமுடித் தூரிகை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். தொட்டுப் பார்த்தபோது முனை குச்சி போல விறைத்திருந்தது. வழியில் எங்கோ கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன். செய்து முடித்த தூரிகையைக் கடற்பாசிப் பசையில் தோய்த்து, நூலைச் சுற்றி மிகுதியான பசையைப் பிழிந்தெடுத்து, வடிவம் கலையாதபடி உலரவைத்துத்தான் அனுப்புவார்கள் என்பது பிறகே தெரிந்தது. வெந்நீரில் நனைத்து விரலால் மெல்லப் பிசைந்தபோது முடி முழுதும் அவிழ்ந்து பூவைப் போல விரிந்தது. தண்ணீரிலிருந்து எடுத்ததும், யாரும் சொல்லாமலே, ஒற்றைப் புள்ளியாகக் கூடி நின்றது. அன்றுதான் அது எப்படிச் செய்யப்படுகிறது என்று தேடத் தொடங்கினேன்.

ஒரு தூரிகைக்கு எழுபதுக்கும் மேற்பட்ட படிகள் உண்டு. ஆடு, குதிரை, மான், மரநாய் வகை விலங்குகள் எனப் பலவற்றின் முடியைத் தரம் பிரிப்பதில் வேலை தொடங்குகிறது. அடுத்த படியைப் படித்தபோது எனக்கு எங்கள் அப்பாருவின் வீட்டு அடுப்பங்கரை நினைவுக்கு வந்தது. முடியின் மேல் நெல் உமிச் சாம்பலைத் தூவி, சூடான இரும்பை வைத்து அழுத்தி, பின்பு மான் தோலில் சுருட்டி உருட்டித் தேய்க்கிறார்கள். சாம்பல் எண்ணெய்ப் பிசுக்கை இழுத்துக்கொள்கிறது. சூடு முடியின் நெளிவை நீக்குகிறது. பிசுக்குப் போகாத முடி மையை ஏற்காது. பாத்திரம் துலக்கவும் பல் விளக்கவும் நம் வீடுகளில் பயன்பட்ட அதே உமிச் சாம்பல்தான்.

இதன் பிறகு வருவதுதான் கைத்திறனின் உச்சம் என்பது என் கருத்து. முடிக் கற்றையை ஒரு கையில் பிடித்து, மறு கையில் முனை மழுங்கிய சிறு கத்தியை வைத்துக்கொண்டு, தலைகீழாகக் கிடக்கும் முடியையும் நுனி தேய்ந்த முடியையும் விரல் நுனியின் உணர்ச்சியால் மட்டுமே கண்டுபிடித்து உருவி எறிகிறார்கள். ஒரே ஒரு மழுங்கிய முடி உள்ளே தங்கினாலும் கோடு பிசிறிவிடும். எஞ்சிய முடியை வெவ்வேறு நீளங்களில் வெட்டி, பசை தடவி மெல்லிய தகடாகப் பரப்பி, மடித்து, மீண்டும் பரப்பி, எல்லா நீளமும் சீராகக் கலக்கும்வரை திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். நடுவில் நீண்டு நின்று முனையாக அமையும் முடியை அவர்கள் 'உயிர்முடி' என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். கடைசியில் அடிப்பகுதியைச் சணல் நூலால் இறுக்கிக் கட்டி, காய்ச்சிய இரும்பை அதன்மேல் வைக்கிறார்கள். அடிமுடி கருகி ஒன்றாக இறுகிப்போவதால், ஆண்டுக்கணக்கில் எழுதினாலும் முடி உதிர்வதில்லை. என் மாணவர்களுக்கு நான் வாங்கிக்கொடுத்த தூரிகைகள் இரண்டாம் வாரமே தாளில் முடியை உதிர்த்ததை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

தாங்கள் குறிப்பிட்ட முகப்பூச்சுத் தூரிகையில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. அதன் நுனியைக் கத்தரிப்பதே இல்லை. முடியின் இயல்பான கூர்முனை அப்படியே மேலே நிற்கும்படி மர அச்சில் அடுக்கி, அசைத்து அசைத்தே உருண்டை வடிவத்தைக் கொண்டுவருகிறார்கள். வெட்டிய முனை கன்னத்தில் குத்தும். வெட்டாத முனை குத்தாது. இதே காரணத்தால் ஜப்பானில் குழந்தைக்கு முதன்முதலாக எடுக்கும் முடியைத் தூரிகையாகச் செய்து வைத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. கத்தரி படாத முடிக்கு மட்டுமே அந்த முனை இருக்கும் என்பதால், அது வாழ்நாளில் ஒரு முறைதான் கிடைக்கும். பழனியிலும் குலதெய்வக் கோயிலிலும் முதல் முடி இறக்கும் நம் தாய்மார்களுக்கு அந்தப் பாசம் நன்றாகவே புரியும்.

இந்தத் தொழிலும் ஒரு காலத்தில் நசியத்தான் பார்த்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பள்ளிகளில் தூரிகை எழுத்துப் பாடம் நிறுத்தப்பட்டபோது குமனோவின் சந்தை சரிந்தது. அவர்கள் ஓவியத் தூரிகைக்கும் முகப்பூச்சுத் தூரிகைக்கும் திரும்பினார்களே தவிர, செய்முறையைக் கைவிடவில்லை. 1974இல் ஜப்பான் அரசு பாரம்பரியக் கைத்தொழில்களுக்கென்று ஒரு சட்டம் இயற்றியது; 1975இல் குமனோ தூரிகை அதன்கீழ் அறிவிக்கப்பட்டது. நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது அச்சட்டத்தின் ஒரு பகுதியைத்தான். பொருளுக்குப் பெயரும் முத்திரையும் கொடுத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. அந்தந்த ஊரிலேயே வாழ்ந்து, 12 ஆண்டுகளுக்குக் குறையாமல் தொழில் செய்தவர்களுக்குத் தேர்வு வைத்து, தேறியவர்களைப் 'பாரம்பரியக் கைவினைஞர்' என்று பெயர் சொல்லிப் பதிவு செய்கிறார்கள்.

நம் பவானி ஜமக்காளத்துக்கு 2005-06ஆம் ஆண்டிலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனால் சென்ற ஆண்டு என் அண்ணன் மகளின் திருமணச் சீருக்காக, கடைக்காரர் பவானிக் கைத்தறி என்று உறுதி சொன்ன இரண்டு ஜமக்காளங்களை வாங்கி ஏமாந்தேன். முதல் சலவையிலேயே சாயம் போனது. எங்கள் வீதியில் நாற்பது ஆண்டுகளாகக் குழித்தறியில் நெய்யும் பெரியவரிடம் காட்டினேன். அவர் விரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஓரத்தை இரண்டு விரலால் நெருடிவிட்டு, "இது கைத்தறி இல்லீங்க வாத்தியாரே, மிசின்ல ஓட்டுனது" என்றார். சீட்டில் ஊர்ப் பெயர் அச்சாகியிருந்தது. நெய்தவர் பெயருக்கு அதில் இடமே இல்லை. நெசவாளருக்கு அடையாள அட்டை இருக்கிறது, விருதுகளும் இருக்கின்றன. ஆயினும் கடையில் துணியை எடுத்துப் பார்ப்பவருக்கு அந்த இரண்டு விரல்களின் அறிவு எட்டுவதில்லை. அந்தப் பெரியவரின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறான். நாற்பது ஆண்டு அனுபவத்துக்குத் தனி மதிப்பு என்று எதுவும் இல்லாத தொழிலுக்கு அவனை வா என்று நான் எப்படி அழைப்பேன்?

ஆகவே தங்கள் நாளிதழ் வாயிலாகக் கைத்தறித் துறைக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். கூட்டுறவுச் சங்கங்கள் விற்கும் ஒவ்வொரு ஜமக்காளத்திலும் நெய்தவரின் பெயரும் தொழில் செய்த ஆண்டுகளும் கொண்ட துணிச்சீட்டு தைக்கப்பட வேண்டும். மூத்த நெசவாளர்களையே தேர்வாளர்களாக வைத்துத் தேர்வு நடத்தி, தேறியவர்களுக்கு உயர்ந்த கூலி நிர்ணயிக்க வேண்டும். குமனோவில் 1994 முதல் தூரிகைக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இயங்குகிறது. கைவினைஞர் அங்கே அமர்ந்து வேலை செய்வதை அருகில் நின்று பார்க்கலாம். கூடுதுறைக்கு வரும் யாத்திரிகர்களும் பள்ளிப் பிள்ளைகளும் பார்க்கும்படி, இரண்டு குழித்தறிகளாவது ஓடும் ஒரு கூடம் பவானியிலும் அமைய வேண்டும். அப்படி ஒன்று அமைந்தால், அங்கு வரும் பிள்ளைகளுக்குக் கோடும் வண்ணச் சேர்க்கையும் சொல்லிக்கொடுக்க வாரம் இரண்டு நாள் ஊதியமின்றி வர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
பவானி, ஈரோடு மாவட்டம்.