கணக்கு நோட்டோடு வந்தவர்களுக்கு எங்கள் நன்றி

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

வடசென்னையில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, காசிமேடு, தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் மாவு, கருவாடு, மசாலாப் பொடி, தையல் என்று சிறுதொழில் செய்யும் பெண்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. அலுவலக வேலைக்கு நடுவே எங்கள் தெருவுக்கு வந்து வழிகாட்டிய உங்களுக்கும், உங்களை அனுப்பிய நிறுவனங்களுக்கும் மனமார்ந்த நன்றி. 'எல்லாவற்றுக்கும் நன்றி' என்று பொதுவாக எழுதி முடித்தால் எது பயன்பட்டது என்று உங்களுக்கும் தெரியாது, உங்களுக்குப் பின் வருகிறவர்களுக்கும் தெரியாது. அதனால் விவரமாகவே எழுதுகிறோம்.

எல்லாவற்றிலும் பெரியது, எங்கள் கூலியை நீங்கள் கணக்கில் சேர்த்தது. மாவு வியாபாரத்துக்குப் போட்டுக் கொடுத்த தாளை இங்கே அப்படியே எழுதுகிறோம், மற்ற பெண்களுக்கும் உதவும். எட்டு கிலோ இட்லி அரிசி 360 ரூபாய், இரண்டு கிலோ உளுந்து 260, வெந்தயம் உப்பு 15, கவர் 65, கரண்ட் 25, கடைகளில் கொண்டுபோய்ப் போட பெட்ரோல் 60. ஆக 785. சுமார் 26 கிலோ மாவு வரும். கடைக்கு 40 ரூபாய்க்குப் போட்டால் 1,040. கையில் நிற்பது 255. இதைத்தான் லாபம் என்று எண்ணிக்கொண்டிருந்தோம். ஊறப்போடுவது, கழுவுவது, அரைப்பது, கட்டுவது, கிரைண்டரைக் கழுவி வைப்பது எல்லாம் சேர்த்து ஆறு மணி நேரம். மணிக்கு 42 ரூபாய்தான் வருகிறது. இரண்டு பாக்கெட் ரிட்டர்ன் வந்துவிட்டால் 29. மணிக்கு 75 ரூபாய் கூலியும் கிரைண்டர் தேய்மானமும் போட்டால் ஒரு கிலோ மாவின் அடக்க விலை 48 ரூபாய்க்கு மேல் என்று அந்தத் தாளில்தான் தெரிந்தது.

அதற்காக உடனே விலையை ஏற்றச் சொல்லாமல் இருந்தீர்களே, அது நல்ல யோசனை. ஏற்றினால் கடைக்காரர் வேறு ஆளிடம் வாங்குவார். ஹவுசிங் போர்டு குடியிருப்புகளில் முதல் நாள் மாலையே ஆர்டர் எடுத்து, வீட்டுக்கு நேராக ஒரு கிலோ 55, அரை கிலோ 30 என்று கொடுக்கச் சொன்னீர்கள். ஆர்டருக்குத் தக்க அரைப்பதால் ரிட்டர்ன் இல்லை. கடைக்குப் போடுவது பாதியாகக் குறைந்தாலும் கையில் நிற்பது கூடுகிறது.

கோடையில் பாக்கெட் உப்பி வெடிப்பதற்கும் காரணம் புரிந்தது. அரைக்கும்போதே கல் சூட்டில் மாவு சூடாகிறது. அதைப் பெரிய அண்டாவோடு ஃபிரிட்ஜில் வைத்தால் ஓரம் குளிரும், நடுப்பகுதி ஆற வெகு நேரமாகும், அதுவரை உள்ளே புளித்துக்கொண்டே இருக்கும். ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்து, உடனே சிறு பாக்கெட்டாகக் கட்டி, தட்டில் ஒற்றை அடுக்காகக் குளிர வைத்து, கவரில் கால் பங்கு இடம் விட்டால் சித்திரை வெயிலிலும் தாங்குகிறது. உணவு நிறுவனத்தில் தரம் பார்க்கும் தங்கை சொல்லித் தந்தது இது. அவருக்குத் தனியாக ஒரு நன்றி.

அடுத்தது தண்டல், அதாவது நாள்தோறும் வந்து வசூலிக்கும் கடன். 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு 8,500 கையில் தருவார்கள், நாளைக்கு 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். 8,500-க்கு 1,500 வட்டி, அவ்வளவுதானே என்றுதான் வடசென்னையில் பாதிப் பேர் நினைக்கிறோம். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலும் திரும்பிப் போய்க்கொண்டிருப்பதால், சராசரியாக நம் கையில் இருப்பது அதில் பாதிதான். ஆண்டுக் கணக்கில் வட்டி 120 சதவீதத்தைத் தாண்டுகிறது. தண்டல்காரரைத் திட்டாமல், 'இந்தப் பணம் எதற்கு வாங்குகிறீர்கள், எத்தனை நாளில் சரக்காகித் திரும்பும்' என்று மட்டும் கேட்டீர்கள். ஒரே நாளில் விற்றுவிடும் மீனுக்கு வாங்குவது வேறு, கிரைண்டர் வாங்க வாங்குவது வேறு. இயந்திரத்துக்குத் தண்டல் வாங்கவே கூடாது என்று இப்போது எங்களுக்குள் பேசிக்கொள்கிறோம்.

அதற்கு மாற்றாக, சிறுதொழிலுக்கு பேங்க் கடன் தரும் மத்திய அரசின் முத்ரா திட்டத்தில், சிசு என்ற பிரிவுக் கடன் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் கிடைக்கும் என்பது பலருக்கும் காதில் விழுந்த செய்திதான். விண்ணப்பம் எங்கே சிக்குகிறது என்பதை நீங்கள்தான் தேடிக் கண்டுபிடித்தீர்கள். ஆதாரில் இனிஷியல், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக, பேங்க் புத்தகத்தில் கணவர் பெயர். மூன்றும் ஒத்துப்போகாமல் திரும்பி வரும். ஆதாரில் இருக்கும் செல் நம்பர் என்றோ தொலைந்த சிம்முடையது, ஓடிபி வராது. குழுக் கடனில் தவணை தவறியிருந்தால் அது கடன் அறிக்கையில் நிற்கும். அந்த அறிக்கையை ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகவே எடுக்கலாம் என்று காட்டி, விண்ணப்பம் போடும் முன்பே பார்க்க வைத்தீர்கள். க்யூஆர் அட்டை மகன் பெயரிலோ கணவர் பெயரிலோ இருந்தால் வியாபாரம் நம்முடையது என்பதற்கு பேங்கில் சாட்சியே இல்லை. அட்டையை அவரவர் கணக்குக்கு மாற்ற உட்கார்ந்த அந்த மதிய நேரங்களுக்கு நன்றி.

உத்யம் என்பது சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு. அது இலவசம். காசு கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் இல்லை. இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் தையல் செய்யும் பெண்களுக்கு அதன் பயன் பெரிது. பாவாடையும் நைட்டியும் தைத்து மொத்தக் கடைக்குப் போட்டால் பணம் வர மூன்று மாதம்கூட ஆகும். சிறுதொழில் சட்டம், 2006-ன்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாளில் பணம் தர வேண்டும். 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் வருமான வரி விதிப்படி, கெடு தாண்டி நிற்கும் தொகையைக் கடைக்காரர் பணம் கொடுக்கும் வரை செலவாகக் காட்ட முடியாது. அதனால் பில்லில் உத்யம் எண்ணைப் பார்த்ததும் அவர்களுடைய ஆடிட்டரே கேள்வி கேட்பார். சரக்குப் போடுவதற்கு முன்பே பதிவு இருக்க வேண்டும், டெலிவரி சீட்டில் தேதியோடு கையெழுத்து வேண்டும். வாங்கி விற்பவருக்கு இது பொருந்தாது, தைத்துக் கொடுப்பவருக்குத்தான். இந்த வித்தியாசத்தைத் தெளிவாகச் சொன்ன கணக்குத் துறைத் தம்பிக்கு நன்றி.

கருவாடு போடும் பெண்களுக்கு ஆண்டு முழுவதற்கும் ஒரு நாட்காட்டி போட்டுத் தந்தீர்கள். சுமார் நான்கு கிலோ பச்சை நெத்திலி காய்ந்தால் ஒரு கிலோ கருவாடு. மீனை 100 ரூபாய்க்கு எடுத்தால் கருவாட்டில் மீன் விலையே 400, அப்புறம்தான் ஐஸ், ஆட்டோ, கூலி. ஐப்பசி, கார்த்திகை மழையில் காய வைக்க முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. ஆக, தை முதல் பங்குனி வரை சேர்க்கும் சரக்குதான் கோடைக்கு. அந்த மூன்று மாதத்தில்தான் கைமுதல் அதிகம் தேவை. கடன் விண்ணப்பத்தை மார்கழியிலேயே போட வேண்டும் என்பது அந்த நாட்காட்டியால் பிடிபட்டது. மணலில் பரப்பாமல் வலைத் தட்டில் காய வைத்தால் மண் ஒட்டாது, விலையும் கூடும். முழுவதும் ஆறும் முன் கவரில் கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

லோகோ, இன்ஸ்டாகிராம் பக்கம் என்று தொடங்கியவர்களும் உங்களில் உண்டு. மாதம் எவ்வளவு நிற்கிறது என்று தெரியாமல் ஆர்டரைப் பெருக்கினால் நஷ்டம்தான் பெருகும் என்று நாங்கள் சொன்னதும், அதை ஓரமாக வைத்துவிட்டுக் கணக்கு நோட்டை எடுத்தீர்கள். சொன்னதைக் கேட்டதற்கு நன்றி. மூன்றாவது மாதத்துக்குப் பிறகும் வந்தவர்களுக்கு இன்னும் கூடுதல் நன்றி. நோட்டில் எழுதுவது நின்றுபோவது அப்போதுதான்.

உங்களை அனுப்பும் மேலதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். சனிக்கிழமை வேண்டாம். தையல் பெண்களுக்கு அன்று சம்பளக் கணக்கு, மீன் பெண்களுக்கு மறுநாள் ஞாயிறு வியாபாரத்துக்கான ஓட்டம். செவ்வாய், வெள்ளிகளில் மீன் விற்பனை மந்தம். அந்த நாட்களில் மதியம் இரண்டரைக்கு மேல், பிள்ளைகள் பள்ளி விட்டு வருவதற்குள் என்றால் எல்லோரும் வர முடியும். வேலை நாளில் இரண்டு மணி நேரம் விட்டுக்கொடுத்த நிறுவனங்களிலிருந்து வந்தவர்களால்தான் மேலே எழுதியதில் பெரும்பகுதி நடந்தது.

அடுத்த குழுவில் பேங்க் கடன் பிரிவில் வேலை பார்த்தவர் ஒருவரும், பேக்கிங் தெரிந்தவர் ஒருவரும் இருந்தால் நல்லது. கருவாட்டுக்கு ஈரம் புகாத, விலை கட்டுப்படியாகும் கவர் இன்னும் அமையவில்லை. மார்கழிக்கு முன் வாருங்கள்.

அன்பும் நன்றியுமாக,
வடசென்னையில் சிறுதொழில் செய்யும் பெண்கள்