ஊர்க்காரர்களுக்கும் ஊரைத் திறந்துவிடுங்கள்

மாநகராட்சிகளில் சுற்றுலாப் பணியைக் கவனிக்கும் அலுவலர்களுக்கு, நகர நடைகளை வழிநடத்துவோர் எழுதும் திறந்த மடல்.

வணக்கம்.

வெளியூர்க்காரர் இரண்டே நாளில் பார்த்துவிட்டுப் போகும் இடங்களை, அதே ஊரில் முப்பது வருடமாகக் குடியிருப்பவர் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். வந்தவருக்கு ஊர் திரும்பும் தேதி ஒன்று இருக்கிறது. இவருக்கோ, 'எங்கே ஓடிவிடப் போகிறது' என்ற நினைப்பு. அதனால் உங்களிடம் முதலில் கேட்பது ஒரு தேதிதான். பளபள கையேடெல்லாம் பிறகு வரட்டும்.

பிரான்சு 1984-இல் வரலாற்றுச் சின்னங்களை மக்களுக்குத் திறந்துவிடும் நாளைத் தொடங்கியது. அந்த வழக்கம் ஐரோப்பா முழுக்கப் பரவியது. லண்டனில் 1992-இல் தொடங்கிய 'ஓப்பன் ஹவுஸ்', சாதாரண நாளில் உள்ளே விடாத கட்டடங்களை இலவசமாகக் காட்டுகிறது. உங்கள் நகரிலும் நீரேற்று நிலையம், பழைய மன்றக் கூடம், ஆவண அறை என்று ஏதாவது இருக்கும். நாள் குறிக்கத் தயக்கமா? ஏப்ரல் 18 உலக மரபு நாள்.

அன்றைக்கு ஒரு நடைக்கும் ஏற்பாடு செய்யுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு இரண்டு கிலோமீட்டர் போதும்; நின்று நின்று போகும்போது அதற்கு மேல் இழுத்தால் கடைசி அரைமணி யார் காதிலும் ஏறாது. எட்டு நிறுத்தங்கள், ஒவ்வொன்றிலும் ஆறேழு நிமிடம். இருபது பேருக்கு மேல் சேர்ந்தால் பின்வரிசைக்குக் குரல் எட்டாது, குழுவைப் பிரித்துவிடுங்கள். பேசுவதற்குப் பிரதான சாலையை விட்டுச் சந்துக்குள் திரும்பி, நிழலில் நிற்க வேண்டும். பாதி வழியில் கழிப்பறை இல்லாத பாதையைத் தயங்காமல் மாற்றிவிடலாம்.

ஒத்திகையை அதே கிழமையில், அதே நேரத்தில் நடந்து பாருங்கள். புதன்கிழமை திறந்திருந்த வாசல் ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும். சாவி யாரிடம் என்று அன்று காலையில் விசாரிப்பதுதான் பெரும்பாலான சொதப்பல்களின் தொடக்கம்.

என்ன காட்டுவது? கடைத்தெருவில் தலையை நிமிர்த்தச் சொல்லுங்கள். கீழ்த்தளத்தை விளம்பரப் பலகை மறைத்திருந்தாலும், மாடி முகப்பில் கட்டிய வருடம் சுண்ணச் சாந்தில் அப்படியே இருக்கும். தேய்ந்த கல்வெட்டுக்கு எதிரே டார்ச் அடித்தால் ஒன்றும் தெரியாது. சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து துலங்கும். மாவோ சாக்பீஸோ தேய்க்க விடாதீர்கள், அது கல்லைக் கெடுக்கும். இதே கல்லில்தான் சில இடங்களில் உங்கள் ஆட்களே பெயின்ட் அடித்துவிட்டுப் போகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இலவசப் பதிவென்றால் பெயர் கொடுத்துவிட்டு வராமல் போகிறவர்கள் நிறைய. காத்திருப்போர் பட்டியல் வைத்து, முந்தின நாள் மாலை எல்லோருக்கும் குறுஞ்செய்தி அனுப்புங்கள். தொடக்கமும் முடிவும் பேருந்து நிறுத்தங்களாக இருக்கட்டும். தேதியை மூன்று மாதம் முன்பே அறிவித்துவிடுங்கள். அடுத்த ஆண்டும் அதை மாற்றாதீர்கள்.