உள்ளங்கைப் புள்ளிகளும் கேட்கப்படாத கேள்வியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பக்கம் பாலியல் தொற்றுகளை இளைஞர்களின் நோய்களாகவே விவரித்திருந்தது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முப்பது ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் என்ற முறையில் அது எனக்கு வருத்தம் தந்தது.

சென்ற ஆண்டு, மனைவியை இழந்து பல காலமான அண்ணன் ஒருவர் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் இரு கைகளையும் விரித்துக் காட்டினார். (அவர் சம்மதத்துடனே எழுதுகிறேன்.) உள்ளங்கை முழுவதும் செம்பு நிறப் புள்ளிகள், அரிப்பும் இல்லை, வலியும் இல்லை. சோப்புத்தூள் ஒத்துக்கொள்ளவில்லை என்று மருத்துவர் ஒருவர் களிம்பு கொடுத்திருந்தார். மருமகள் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் தடவிவிட்டிருந்தாள். செருப்பைக் கழற்றச் சொன்னேன். பாதங்களிலும் அதே புள்ளிகள். அதற்குள் வலது கண் மங்கத் தொடங்கியிருந்தது, கண்புரை என்று நாள் கடத்தியிருந்தார்கள். நம் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக் கிரந்தி என்று சொன்ன, பாலியல் தொற்றான சிபிலிஸ்தான் அது என்பது ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. அவரைப் பார்த்த மூன்று மருத்துவர்களில் ஒருவர்கூட அவருடைய அந்தரங்க வாழ்க்கையைப் பற்றிக் கேட்கவில்லை. அந்தக் கண்ணில் பார்வை முழுமையாகத் திரும்பவில்லை.

இந்நோயின் முதல் புண் வலிக்காது. சில வாரங்களில் தானே ஆறிவிடும். வாயிலோ ஆசனவாயிலோ வந்தால் கண்ணிலேயே படாது. பிறகு தடிப்பாகவோ, திட்டுத் திட்டான முடி உதிர்வாகவோ, கண், காது கோளாறாகவோ வேறு வேடத்தில் வரும். 2022இல் உலகில் 15 முதல் 49 வயதுவரை உள்ளோரில் 80 லட்சம் பேருக்கு இது புதிதாகத் தொற்றியதாக உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. அந்தக் கணக்கில் எங்கள் அண்ணனின் வயதினர் சேரவே இல்லை.

நம் நாட்டின் அரசு கிளினிக்குகளில் சீழ், புண் போன்ற அறிகுறிகளை வைத்தே மருந்து தரும் முறை நடைமுறையில் உள்ளது. ஆய்வக வசதி குறைந்த இடங்களில் அது பல உயிர்களுக்கு உதவியது என்பதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அறிகுறி இல்லாதவரும், அறிகுறி இடம்மாறி வந்தவரும் அந்த வலையில் சிக்குவதில்லை. கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகச் செய்யும் அதே ரத்தப் பரிசோதனையை, காரணம் புரியாத உள்ளங்கைத் தடிப்போடும் கண் சிவப்போடும் வரும் அறுபது வயதுக்காரருக்கும் செய்ய வேண்டும். ஆரம்ப நிலையில் ஒரே ஒரு பென்சிலின் ஊசி போதும். கண்ணுக்குப் பரவிவிட்டால் பத்து முதல் பதினான்கு நாட்கள் நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டியிருக்கும்.

அடுத்த இதழில் அந்த உள்ளங்கைத் தடிப்பின் படம் ஒன்றை வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.